பிஸ்கட் டப்பாவில் போன பாசஞ்சர்

விழுப்புரம் ஜங்ஷனில் கால் வைத்ததும் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை ஒரு போர்ட்டரின் வசவு. வண்டியை விட்டு இறங்கியவன் வெளியே போக வேண்டியதுதானே? நான் என் பெட்டியைப் பிளாட்பாரத்தின் நடுவில் வைத்துவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்ஜினைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். "இன்னாங்க, என்ஜின பாத்ததே இல்லியா? நவுருங்க, பின்னால ஜனம் வந்துகினு இருக்குது" என்றார். பார்த்திருக்கிறேன் ஐயா. நாற்பது வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் என் வியாதி.

நான் மலாயாவில், தைப்பிங் ஊரில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. மிச்சப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் பேச்சிலிருந்து பொறுக்கியது. கடிகார வேலை போக மிஞ்சிய நேரத்தில், நாலு வருஷம் உட்கார்ந்து, பித்தளையில் ஒரு சாண் நீளத்துக்கு ரயில் என்ஜின் ஒன்று செய்தேன். ஸ்பிரிங்கில் ஓடும். என் அறையில் வட்டமாகப் போட்ட பாதையில் அது சுற்றிச் சுற்றி வரும். அதைப் பார்க்க ஊரில் நான் ஒருவன்தான்.

அடுத்த வீட்டு சவரிமுத்து விழுப்புரத்துக்காரர். நான் ஊர்ப்பக்கம் வருகிறேன் என்றதும் தன் அண்ணனுக்கு ஒரு பார்சல் கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "எங்க அண்ணனும் உன்ன மாதிரிதான். பொம்ம ரயிலு வெச்சிகினு வெளையாடுற ஆளு" என்று ஒரு வார்த்தை சொன்னார். என் ரயில் ஓடும் சத்தம் சுவர் வழியாக அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக என் என்ஜினையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். ஒளிப்பானேன்? காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளத்தான்.

அண்ணன் பெயர் அந்தோணிசாமி. ஜங்ஷன் கேபினில் லீவர் இழுத்து சிக்னல் இறக்கும் வேலை. உள்ளங்கை இரண்டும் மரக்கட்டை மாதிரி இருந்தன. சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். தைப்பிங்கில் மழை பெய்யாத நாள்தான் அதிசயம். இங்கே வாசலில் தெளித்த தண்ணீர் நான் களியை உருட்டி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. அவர் மனைவி மரியபுஷ்பம் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இவுருக்கு கேபின்லயும் ரயிலு, வூட்லயும் ரயிலு. நான் ஒருத்தி லெவல் கிராசிங்ல நிக்கிற மாட்டு வண்டி மாதிரி நின்னுகினு இருக்கேன். எப்பதான் கேட்டு தொறப்பாரோ!" அந்தோணிசாமி இன்னும் கொஞ்சம் குழம்புக்குத் தட்டை நீட்டினார். எனக்கோ, இப்படித் திட்டுவதற்காவது வீட்டில் ஒருவருக்கு அவர் ரயில் தெரிந்திருக்கிறதே என்று இருந்தது. பொறாமை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிறு காலை இட்லியும் மல்லாட்டைச் சட்னியும். நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். நாங்கள் மலாய்க்காரர் வாயைப் பார்த்து 'கச்சாங்' என்போம். கையைக் கழுவியதும் அந்தோணிசாமி என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். கமால் பாய் என்பவரின் தையல் கடை. பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே துணி வெட்டும் மேஜை, எட்டடி நீளம். மேஜைமேல் விழுப்புரம் ஜங்ஷன் இருந்தது.

தண்டவாளம் எல்லாம் பழைய குடைக்கம்பி. பிளாட்பாரம் தேவதாரு பெட்டிப் பலகை. சிக்னல் கைகள் பனியன் அட்டையில் வெட்டியவை. என்ஜின் மண்ணெண்ணெய்த் தகரம். அலாரம் கடிகாரத்தின் ஸ்பிரிங் ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். அதுவும் பாதி தூரம் போய் நின்றுவிடும், மீதிக்கு விரலால் தள்ள வேண்டும். சக்கரங்கள் கோட்டுப் பொத்தான்கள்! கடிகாரக்காரன் கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மனசுக்குள் சிரித்துக்கொண்டே, பெட்டியிலிருந்து என் என்ஜினை எடுத்துப் போட்டுக் கொண்டுவந்த துணிப்பையைத் தடவிப் பார்த்தேன். கேட்டால் காட்டலாம் என்று இருந்தேன்.

யாரும் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்தால்தானே? நாங்கள் நுழைந்ததுமே கமால் பாய், "வந்தியா அந்தோணி? ஏழு பெஞ்சு. ஒத்துக்கிறியா?" என்றார்.

"ஆறு."

"ஒன் கண்ண ஆஸ்பத்திரில காட்டு. மொதல் பிளாட்பாரத்துல ஏழு பெஞ்சு."

"பாய், நான் தினம் அது மேல நடந்து டூட்டிக்குப் போறவன். ஆறு."

மேஜைமேல் உள்ள பிளாட்பாரத்தில் எத்தனை பெஞ்சு வைப்பது என்று இரண்டு வருஷமாக நடக்கும் சண்டையாம் இது. நிஜ ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. "போய் எண்ணிவிட்டு வந்துவிடலாமே?" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் ஏதோ அபசகுனமாகப் பேசிவிட்டது தெரிந்தது.

"எண்ணிட்டா அப்பால இன்னாத்த பேசுறது, மலாயா பாய்?" என்றார் கமால்.

திரைக்குப் பின்னாலிருந்து கமால் பாயின் மனைவி உருதுவில் ஏதோ சொன்னார். அந்தோணிசாமி எனக்குத் தமிழில் சொன்னார்: ரயில் ஜன்னலுக்குத் திரை தைக்க நேரம் இருக்கிறதாம், தன் ரவிக்கை மூன்று மாதமாக மூலையில் கிடக்கிறதாம். "நியாயந்தான் பாபி" என்று அந்தோணிசாமி குரல் கொடுத்தார். "நீ யாரு பக்கம்டா?" என்று கமால் பாய் அவர்மேல் அளவு நாடாவை வீசினார்.

என் கடைக்கு ஒரு நாளைக்கு இருபது பேர் வருவார்கள். ஒருவர்கூட என்மேல் எதையும் வீசியதில்லை.

பிறகுதான் அவர்களின் ஏற்பாடு தெரிந்தது. விழுப்புரம் இந்த மேஜையில். திண்டிவனம் ஸ்டேஷனோ திண்டிவனத்திலேயே, மல்லாட்டை மண்டி ஒன்றின் கிடங்கில், ஒரு பலகைமேல் இருக்கிறது. அங்கே இரண்டு கூட்டாளிகள்: மண்டியில் எடை போடும் முனுசாமி, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டி. அது மேஜையின் ஓரம் வரைக்கும் ஓடும். அங்கிருந்து பிஸ்கட் டப்பாவுக்குள் இறங்கும். அந்த டப்பாவை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு நிஜப் பாசஞ்சரில் திண்டிவனம் போவார். அங்கே பலகையின் ஓரத்தில் வண்டியை இறக்கிவிட்டால் மிச்ச தூரம் ஓடி ஸ்டேஷனில் நிற்கும். அவ்வளவு தூரத்தையும் வண்டி தண்டவாளத்தின் மேலேயே கடந்ததாகக் கணக்கு. ரோட்டில் கொண்டுபோகவே கூடாது. அதோடு, முன்கூட்டியே தபால் கார்டு எழுதி, "வண்டி வரலாமா?" என்று லைன் கிளியர் கேட்க வேண்டும். "தகர என்ஜின், பெட்டி நாலு, ஞாயிறு மத்தியானம் வரலாம். மு.சா." என்று பதில் வந்திருந்தது. அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள் தடவி வைத்திருந்தார் கமால் பாய்.

"தம்பி, இன்னிக்கி நீங்கதான் வண்டிக்கு கார்டு" என்று டப்பாவை என் கையில் கொடுத்தார் அந்தோணிசாமி. அவருக்கு மத்தியானம் டூட்டி. கமால் பாய்க்கு ஒரு மாப்பிள்ளை கோட்டு முடிக்க வேண்டும். "கார்டுன்னா தூங்கக்கூடாது. வண்டி குலுங்கினா டிரைவருக்கு இடுப்பு வலி வரும்" என்றார் கமால். டிரைவர் அவர் தைத்த துணிப் பொம்மை, சுண்டுவிரல் உயரம்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்டேஷனுக்கு அரை மணி முன்னாலேயே போனேன். எதிர்ப் பிளாட்பாரத்துப் பக்கம் ஒரு என்ஜின் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. எங்கள் மலாயா ரயிலும் இதே மீட்டர் அகலப் பாதைதான். ஆனால் இங்கே உள்ள ஆட்களின் வேகம் அங்கே இல்லை. ஒருவர் ஓடுகிற பெட்டிகளின் இடையில் புகுந்து கொக்கியை மாட்டிவிட்டு வெளியே வந்து பீடியைத் தொடர்ந்தார். வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு விசில், ஒரு புகை. திரும்பினால் என் பாசஞ்சரின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. ரயில் பார்த்தே ரயிலை விட்டவன் நான்.

வேறு வழியில்லை, பஸ். ஏறியதுமே கண்டக்டர் டப்பாவைப் பார்த்துவிட்டார். "இது கமால் பாய் வண்டியாச்சே! தண்டவாளத்துல தானே போவும்? இன்னிக்கி இன்னா ரோட்டுல வருது?" கண்டக்டருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! என் என்ஜினைப் பற்றி தைப்பிங்கில் என் தம்பி பெண்டாட்டிக்கே தெரியாது.

கூட்டேரிப்பட்டில் டயர் வெடித்தது. "பஸ்ஸுக்கு இன்னாங்க, நாலு சக்கரம், நாலு மனசு" என்று சொல்லிவிட்டு கண்டக்டர் ஜாக்கியைத் தேடப் போனார். எல்லாரும் இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தோம். டீயை ஆள் உயரத்துக்குத் தூக்கி ஆற்றினார் கடைக்காரர். எங்கள் சீனர் கடையில் டின் பாலை ஊற்றிக் கலக்கி முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். ஒரு அம்மாள் கூடையில் வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டு வந்தார். வாங்கி உரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தேன்.

வண்டிக்கு அடியில் மடித்த காகிதங்கள் இருந்தன. ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு ஊர்க்காரர்களும் எழுதிய குறிப்பு. 'மூன்றாம் பெட்டியில் எறும்பு ஒன்று. டிக்கெட் இல்லை. திண்டிவனத்தில் இறக்கிவிடப்பட்டது.' 'டிரைவர் தலை தொங்கிப்போய் வந்தான். விழுப்புரத்தில் குடிப்பழக்கம் அதிகமா? விளக்கம் தேவை.' 'விளக்கம்: பஞ்சு குறைவு. குடி இல்லை.' பதினைந்து காகிதம் இருக்கும். ஒன்றொன்றாகப் படித்தேன். கடைசிக் காகிதம் வரும்போது மிச்ச மல்லாட்டையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கோணல் தகரத்துக்கு, இந்தப் பொத்தான் சக்கரத்துக்கு இத்தனை பேச்சா? நாலு வருஷ வேலை என் பையில் ஊமையாகக் கிடக்கிறதே!

கை தானாகப் போயிற்று என்று சொல்லலாம். பொய். யோசித்துத்தான் செய்தேன். தகர என்ஜினை எடுத்து என் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டேன். பித்தளை என்ஜினை டப்பாவில், நாலு பெட்டிக்கும் முன்னால் வைத்து மூடினேன். திறந்ததும் அவர்கள் அசந்து போக வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியது.

மண்டியைக் கண்டுபிடித்துப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாசஞ்சருக்குப் போய் நின்று ஏமாந்து திரும்பிய இரண்டு பேரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் முனுசாமி குதித்து இறங்கி வந்தார். டப்பாவைப் பார்க்கவில்லை, என் கை காலைப் பார்த்தார். "எங்கனா வுழுந்து கிழுந்து கெடக்குறீங்களோன்னு ஸ்டேஷன் மாஸ்டராண்ட கூட கேட்டுட்டோம் சார். பேஜாரா போச்சி."

டப்பாவைத் திறந்தார்கள். டிராயிங் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடேயப்பா" என்றார். என் நாலு வருஷத்துக்கு முதல் கூலி. முனுசாமி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு என்ஜினைத் தூக்கினார், திருப்பிப் பார்த்தார், கொதிகலனைத் தடவினார். பிறகு பலகைக்கு வெளியே, ஒரு மூட்டைமேல் மெதுவாக வைத்தார்.

"ஷோக்கா இருக்குது சார். ஆனா இதுக்கு நாங்க லைன் கிளியர் குடுக்கலியே. நாங்க எழுதுன தபால் கார்டுல தகர என்ஜின்னுதான் இருக்குது. நம்ம வண்டி எங்க சார்?"

"பத்திரமாக இருக்கிறது" என்றேன். அதற்குமேல் அவர் துருவவில்லை. சாயங்கால வண்டி கார்டிடம் விழுப்புரத்துக்குச் சேதி சொல்லி அனுப்பிவிட்டு, என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் வயிறு முட்டச் சோறு போட்டார். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. என் என்ஜின் மட்டும் அவுட்டர் சிக்னலில், மூட்டைமேல் நின்றது.

திங்கள் காலை முதல் வண்டியில் அந்தோணிசாமியும் கமால் பாயும் வந்து இறங்கினார்கள். அந்தோணிசாமிக்கு ராத்திரி வரை டூட்டி பார்த்துத் தூக்கம் கெட்ட கண். மண்டி திறக்க இன்னும் ஒரு மணி நேரம். ரயில்வேயில் எது நடந்தாலும் விசாரணை உண்டாம். முனுசாமி எடைத் தராசின் பலகைமேல் ஏறி உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். "கார்டு முன்னால வாங்க."

போனேன். துண்டைப் பிரித்துத் தகர என்ஜினை வைத்தேன். கமால் பாய் அதைச் சட்டென்று எடுத்து டிரைவர் இருக்கிறானா என்று பார்த்தார்.

"என்ஜின இன்னாத்துக்கு மாத்துனீங்க?"

முனுசாமி விளையாட்டுக்குத்தான் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் ஏதாவது சொல்லிச் சிரித்திருக்கலாம். "பொறாமைங்க" என்றேன். "என்னிடம் இருப்பது நல்ல என்ஜின். உங்களிடம் இருப்பது எனக்கு இல்லை. கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது காகிதங்களை எல்லாம் படித்தேன்."

டிராயிங் மாஸ்டர் மேலே பார்த்தார். கமால் பாய் தொண்டையைச் செருமினார். "எழுதிக்கோ முனுசாமி. கூட்டேரிப்பட்டாண்ட ஸ்பிரிங் ஒடஞ்சிபோச்சி. கார்டு, கைவசம் இருந்த வேற என்ஜின போட்டு, வண்டிய காப்பாத்தி இட்டுகினு வந்தாரு. அவ்ளோதான்."

"ஸ்பிரிங்கு நல்லாத்தானே இருக்குது?" என்றார் முனுசாமி.

"யோவ், டிபார்ட்மெண்டு ஆள மாட்டிவுடுவியா நீ? எழுது" என்றார் அந்தோணிசாமி.

எழுதினார். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். என் கண் கலங்கியதைத் துடைப்பதற்குள் அடுத்த பிரச்சினை வந்துவிட்டது. ஸ்பிரிங் உடைந்ததாக எழுதியாயிற்று. அப்படியானால் தகர என்ஜின் ஷெட்டில்தான் நிற்க வேண்டும். அப்படியானால் வண்டியை இழுக்க வேண்டியது என் என்ஜின்தான். முனுசாமி அதை மூட்டையிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தார். உட்காரவில்லை. சக்கரங்கள் இரண்டு பக்கமும் தண்டவாளத்துக்கு வெளியே நின்றன. கமால் பாய் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து அளந்தார். அவர்கள் பாதை ஒரு அங்குலம். என் என்ஜின் ஒன்றேகால்.

"அதுக்கின்னா? பாதைய பேத்து அகலமாக்கிடுவோம்" என்றார் கமால் பாய், சட்டைக்கைக்கு அளவு எடுத்த மாதிரி.

"ரெண்டு ஊர்லயுமா?" முனுசாமி.

"பின்ன? ஒரு ஊர்ல மட்டும் அகலமாக்கினா நடுவுல வண்டி மெலிஞ்சிடுமா?"

"கொடக்கம்பிக்கு எங்க போறது?"

"மழக்காலம் முடியட்டும். ஊரே ஒடஞ்ச கொடைய தூக்கிகினு வரும்."

ஆரம்பித்துவிட்டார்கள். ஆணிக்கு யார், கட்டைக்கு யார், பெட்டிகளின் சக்கரத்தை எப்படி மாற்றுவது என்று ஒரே ரகளை. எனக்காகத்தான் இத்தனையும். ஆனால் ஐந்தாவது நிமிஷத்தில் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். ஒரு வருஷ வேலை அது. ஒரு வருஷம் ஞாயிறுதோறும் சண்டை போடுவார்கள், காகிதம் எழுதுவார்கள். நான் தைப்பிங்கில் யாருடைய கடிகாரத்துக்கோ எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன். எனக்காகப் போடப்போகிற பாதைமேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

"இரும்பு அறுக்கிற வாள் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

தராசு பழுது பார்க்கும் பெட்டியில் ஒன்று இருந்தது. இரண்டு சக்கரத்துக்கும் இடையில் உள்ள அச்சைக் கால் அங்குலம் குறைக்க வேண்டும். குறைத்தால் என் வீட்டுப் பாதையில் அது இனிமேல் நிற்காது. வெட்டியது வெட்டியதுதான், பித்தளை திரும்ப முளைக்காது. முதல் அச்சில் வாளை வைத்ததும் டிராயிங் மாஸ்டர் என் கையைப் பிடித்தார். "வேணாங்க. பாவம்."

"பிடித்துக்கொள்ளுங்கள், ஆடாமல்" என்றேன்.

மூன்று அச்சுக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. முனுசாமி என்ஜினைப் பிடித்தார், டிராயிங் மாஸ்டர் ஈயம் காய்ச்சினார், அந்தோணிசாமி தூங்கி விழுந்துகொண்டே விசிறினார், கமால் பாய் நிமிஷத்துக்கு ஒருமுறை நாடாவைப் போட்டு, "இன்னும் ஒரு நூலு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "யோவ், இது இன்னா பைஜாமாவா?" என்று அந்தோணிசாமி கேட்டார். மண்டி ஆட்கள் வந்து மூட்டையைத் தூக்காமல் சுற்றி நின்றார்கள். முனுசாமி விரலைத் தூக்கி, "லைன் கிளியர்" என்றார். பித்தளை என்ஜின் நாலு பெட்டியையும் இழுத்துக்கொண்டு, யாரும் விரல் வைக்காமல், ஐந்தடிப் பலகையைக் கடந்து திண்டிவனத்தில் நின்றது. என் அறையில் அது ஆயிரம் சுற்று சுற்றியிருக்கும். ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலப் பாசஞ்சரில் விழுப்புரத்துக்குத் திரும்பினோம். டப்பாவை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கமால் பாய் தரவில்லை. "கார்டு டூட்டி மாறிடுச்சி. நீங்க பாசஞ்சரு" என்றார். வழியெல்லாம் டிரைவருக்குப் புது என்ஜினில் தலை இடிக்கும், கழுத்தைக் குறைப்பதா தொப்பியைக் குறைப்பதா என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னையும் கேட்டார்கள். தொப்பி என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து, "சேச்சே" என்றார்கள்.

விழுப்புரத்தில், தெற்கே என் சொந்த ஊர்ப்பக்கம் போகிற வண்டி தயாராக நின்றது. என் பெட்டியை மரியபுஷ்பம் ஸ்டேஷனுக்கே கொடுத்தனுப்பியிருந்தார். அந்தோணிசாமி தோளைத் தட்டினார், தம்பிக்குச் சொல்லச் சொல்லி எதையோ சொன்னார். வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை மேஜையில் சேர்த்துவிட வேண்டும் என்று அவசரம் அவர்களுக்கு. கூட்டத்தில் போகிற இரண்டு முதுகுகளையும், கக்கத்தில் இடுக்கிய டப்பாவையும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்குள்ளே போகிறவன்மேல் வந்தது பாருங்கள் ஒரு பொறாமை. நான் செய்த என்ஜின்மேலேயே!

சட்டைப் பையில் கை வைத்தேன். என்ஜினுக்கு முறுக்குக் கொடுக்கிற சாவி இருந்தது. மறந்துபோய் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிடலாம். கூப்பிடவில்லை. இது என்னிடம் இருந்தால் அது அவர்களுக்கு ஓடாது. ஓடாவிட்டால் எனக்குக் கார்டு எழுதுவார்கள், திரும்பத் திரும்ப எழுதுவார்கள். வண்டி நகர்ந்தது. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு கமால் பாய் ஓடி வந்தார். "மலாயா பாய்! சாவி! சாவி!"

காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, இரண்டு ஜன்னல் தூரம் இருக்கும். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, என் கம்பார்ட்மெண்டுக்கு நேராக ஓடி வந்துகொண்டே இருந்தார். கையை வெளியே நீட்டி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சாவியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "அந்தோணி! கெடச்சிடுச்சிடா!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடினார்.